ரேவா கப்பலின் வெள்ளைத் தூசி

ஓரிக்கையில் கைலாசம் வீடு எது என்று கேட்டால் இரண்டு மூன்று வீடுகளைக் காட்டுவார்கள். கப்பல்காரர் வீடு என்று கேட்டால் ஒரே வீடுதான். பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்து, பதினைந்து வருஷம் பாய்லர் அறையில் வெந்து, ஊருக்குத் திரும்பியவர். அதன்பின் வாலாஜாபாத் பக்கம் ஓர் அரிசி ஆலையில் முப்பது வருஷம் பாய்லர் பார்த்தார். ஆனாலும் யாரும் அவரை ஆலைக்காரர் என்று அழைத்ததில்லை.

நான் காஞ்சிபுரத்தில் தபால் துறையில் வேலை பார்த்தவன். கணவரோடு அவர் வீட்டிலேயே இருந்த அவருடைய ஒரே மகள் துர்கா மாகறல் கிளைத் தபால் நிலையத்தைப் பார்த்துக்கொண்டாள். மழையானாலும் வெயிலானாலும் ஸ்கூட்டியில் போய்வருவாள். அந்தப் பழக்கத்தில்தான் எனக்குக் கைலாசத்தைத் தெரியும். நடந்ததில் பாதியைத் துர்கா சொன்னாள், மீதியை அவரே சொன்னார்.

அவர் வேலை பார்த்த கப்பலின் பெயர் ‘ரேவா’. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் குரலே மாறிவிடும். அது வெள்ளைக்காரன் கட்டிய நாசகாரிக் கப்பல். 1942இல் ஸ்காட்லாந்தில் ஓர் ஆற்றங்கரைத் தளத்தில் தண்ணீரில் இறங்கியபோது அதற்கு ‘ரெயின்ஹாம்’ என்று பெயர். முதல் இரண்டு வருஷம் வட அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல். கப்பலின் மேல்தளத்தில் உறைந்த பனியைக் கோடாலியால் வெட்டித் தள்ளாவிட்டால் பாரம் தாங்காமல் கவிழ்ந்துவிடுமாம். ஒருமுறை எரிந்துகொண்டிருந்த எண்ணெய்க் கப்பலிலிருந்து அறுபத்து மூன்று பேரைத் தூக்கி ஏற்றியது. பிறகு திருகோணமலை, பர்மாக் கரை. போர் முடிந்ததும் பீரங்கிகளுக்குத் தார்ப்பாய் போர்த்தி ஒரு மூலையில் நிறுத்திவிட்டார்கள். 1949இல் இந்தியா அதை வாங்கி, கொடியையும் பெயரையும் மாற்றியது. கோவாவுக்குப் படை போனபோது கடலில் நின்றது. எழுபத்தொன்றாம் வருஷப் போரில் பதினான்கு நாள் இடைவிடாமல் சுற்றியது. 1977இல் இரும்புக்கு விற்றார்கள்.

இத்தனையும் அவர் ஒரு நீள நோட்டில் தேதிவாரியாக எழுதி வைத்திருந்தார். தாம் பிறப்பதற்கு முன் நடந்ததையும் தாமே கூட இருந்தது போலச் சொல்வார். அதில் யாரும் கேள்வி கேட்காத ஒரு வரி உண்டு. ‘1974 ஜூன் முதல் 1975 ஆகஸ்ட் வரை, பம்பாய், பெரிய ரிப்பேர்.’

கடற்படையில் இருந்தவரை அந்தப் பதினான்கு மாதம்தான் அவர் தினமும் வீட்டுக்கு வந்து சாப்பிட்ட காலம். கப்பல் கரையில் கட்டிக் கிடந்தது. மனைவி பெரியநாயகியையும் ஒன்றரை வயதுத் துர்காவையும் ஊரிலிருந்து அழைத்துப்போய்க் குடியிருப்பில் வைத்துக்கொண்டார். அதே ரேவாவில் வேலை பார்த்த தென்னேரி முனுசாமியும் அவர் மனைவி எல்லம்மாளும் பக்கத்து வீடு. நான்கு பேரும் ஒன்றாகச் சௌபாத்தி கடற்கரைக்குப் போனதைத் தம் வாழ்க்கையின் நல்ல காலம் என்று கைலாசம் சொல்வார்.

கப்பலில் பகல் முழுதும் என்ன வேலை? பாய்லரையும் நீராவிக் குழாய்களையும் சுற்றிச் சூடு வெளியே போகாமலிருக்க வெள்ளையாக ஒரு பூச்சு பூசியிருக்கும். லாகிங் என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்துப் பூச்சு. பீரங்கி வெடிக்கும்போதெல்லாம் அது பாய்லர் அறையில் மாவு போல உதிரும். ரிப்பேரின்போது அதையெல்லாம் கத்தியாலும் கையாலும் பிய்த்து எறிந்தார்கள். பிறகு புதுப் பொடியை வாளியில் கொட்டித் தண்ணீர் விட்டு, சாணி பிசைவது போலப் பிசைந்து அப்பினார்கள். முகமூடி கிடையாது. சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் நின்றால் தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளை. துர்கா தத்தித் தத்தி ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாள். பெரியநாயகி அவருடைய நீல வேலை உடுப்பை, ஓவராலை, வாங்கி, நடையிலேயே நாலு உதறு உதறி, பிறகு தோய்ப்பாள்.

பெரியநாயகி 2018இல் இறந்தாள். முதலில் இருமல், பிறகு மூச்சு வாங்கியது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பதாகச் சொல்லி நான்கு முறை ஊசி போட்டு எடுத்தார்கள். டி.பி. என்றார்கள். எட்டு மாதத்தில் முடிந்துவிட்டது. வயது எழுபதை நெருங்கியதால் யாரும் அதற்குமேல் யோசிக்கவில்லை.

அதற்கும் முன்னால் முனுசாமி நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்திருந்தார். அந்த லாகிங் தூசிதான் காரணம் என்று பழைய சகா ஒருவர் போனில் சொன்னது கைலாசத்தின் காதில் விழுந்திருந்தது. அன்று முதல் வருஷத்துக்கு ஒருமுறை முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு வருஷமும் சுத்தம் என்று வந்தது. நான் தப்பிச்சேன் என்று நினைத்துக்கொண்டார். தூசி தம்மோடு வீட்டுக்கு வந்தது என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

2023 ஆடியில் துர்காவுக்கு வலது விலாவில் வலி வந்தது. தபால் பை தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று தைலம் தடவிக்கொண்டாள். ஐப்பசியில் மாகறல் கோயில் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, மூச்சு விடமுடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஊர்க்காரர்கள் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். நீர் எடுத்தார்கள். உள்ளூர் டாக்டர் துர்காவின் கணவர் வெங்கடேசனைப் பார்த்து என்ன தொழில் என்று கேட்டார்.

வெங்கடேசனுக்கு ஒரு சாயப்பட்டறை இருந்தது. பட்டு நூலைச் செப்பு அண்டாவில் கொதிக்கவிட்டுச் சாயம் ஏற்றும் வேலை. விறகுப் புகை, சாய ஆவி. துர்கா மாலையில் அங்கே போய்க் கூடமாட நிற்பாள்.

“அந்தப் புகையில நிக்க விடலாமாப்பா? சும்மாவா வரும்?” என்றார் டாக்டர். டி.பி. மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அவர் போகிற போக்கில் சொன்னதுதான். வெங்கடேசன் அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து துர்கா பட்டறைப் பக்கம் வரக்கூடாது என்றார். தாம் வீட்டுக்குள் நுழையும் முன்பே கொல்லையில் குளித்தார். இருபத்தெட்டு வருஷம் கட்டி வாழ்ந்தவளின் பக்கத்தில் உட்காரவே பயந்தார்.

மாத்திரை ஐந்து மாதம் ஓடியது. துர்கா தேறவில்லை. உடம்பு வற்றிக்கொண்டே போனது. மார்ச் மாதம் துர்காவின் மகள் சத்யப்ரியா சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் தேதி வாங்கினாள். அவள் சென்னையில்தான் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். துர்கா, வெங்கடேசன், கைலாசம் மூவரும் வாடகைக் காரில் போனார்கள்.

டாக்டர் பெயர் ஸுபத்ரா. சின்ன வயதுதான். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

“டி.பி.யா இருக்கலாம். ஆனா இங்க ஓரமா சுண்ணாம்பு படிஞ்ச மாதிரி இருக்கு பாருங்க. நீங்க எப்பவாவது ஆஸ்பெஸ்டாஸ் ஃபேக்டரில வேலை பாத்திருக்கீங்களா?”

“இல்ல மேடம். நான் போஸ்ட் ஆபீஸ்.”

“உங்க ஹஸ்பெண்ட்?”

“சாயப்பட்டறை மேடம்,” என்றார் வெங்கடேசன். 

“சாயத்துல இது வராது. வீட்டுல வேற யாராவது? வேலை பாத்தவங்களோட துணியை உதறித் தோச்சாலே போதும், அந்தத் தூசி உள்ள போயிடும். நாப்பது அம்பது வருஷம் கழிச்சுக்கூட வியாதி வரும். அதனாலதான் கேக்கறேன்.”

கைலாசம் சுவரோரம் நாற்காலியில் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நிமிஷத்தில் பம்பாய் வீட்டு நடை அப்படியே கண்முன் வந்தது என்று என்னிடம் சொன்னார். பெரியநாயகி ஓவராலை உதறுகிறாள். குழந்தை பறக்கும் தூசியைப் பார்த்துக் கைதட்டுகிறது.

“அப்படி யாரும் இல்ல மேடம்,” என்றாள் துர்கா. அவளுக்குத் தெரிந்து அப்பா கப்பலில் நெருப்பு பார்த்தவர், அவ்வளவுதான். ஓவராலும் தூசியும் அவள் நினைவில் இல்லை.

டாக்டர் கைலாசத்தைப் பார்த்தார். கைலாசம் ஃபைலைப் பார்த்தார்.

“சரி, இன்னும் ரெண்டு மாசம் இதே மாத்திரையைப் போடுங்க. அப்பவும் நீர் கோத்தா சதை எடுத்து டெஸ்ட் பண்ணலாம்,” என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

காரில் திரும்பி வரும்போது சுங்குவார்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். கைலாசம் எங்கோ பார்த்துக்கொண்டே டம்ளரைச் சாய்த்துவிட, டீ வேட்டியில் கொட்டியது. துர்கா தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

“ஏம்பா இப்புடிப் பயப்படுற? டி.பி.தான்னு சொல்லிட்டாங்க இல்ல. சரியாப் பூடும்பா,” என்றாள்.

அவர் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன்.  “சொன்னா ரெண்டு பேரையும் நான் கொன்னதா ஆயிடும் சார். சொல்லாத வரைக்கும் அது டி.பி.” என்றார். பெரியநாயகி இறந்து ஆறு வருஷத்துக்குப் பிறகு அவளை மறுபடியும் பறிகொடுத்தது போல இருந்தது அவருக்கு. சோறு இறங்கவில்லை. மகள் மாத்திரையைப் பிரிக்கும் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போய் நின்றுகொள்வார். ஒருவேளை டி.பி.யாகவே இருக்கலாம், டாக்டரே சொன்னாரே என்று தமக்குத் தாமே நூறு தடவை சொல்லிக்கொண்டார். துர்காவோ நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டு வந்தாள். சாப்பிட்டதெல்லாம் வாந்தியாயிற்று.

ஐந்தாவது வாரம் வெங்கடேசன் பட்டறையைப் பிரித்தார். யாரிடமும் சொல்லாமல் ஆள் வைத்து அண்டாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கைலாசம் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார்.

“என்ன வெங்கடேசா இது?”

“எதுக்கு மாமா இது இனிமே. அந்த மேடம் சாயத்துல வராதுன்னு என் முகத்துக்காகச் சொன்னாங்க. எனக்குத் தெரியாதா? அவ இங்க நின்னுதான் இருமிக்கினு இருந்தா. நான்தான் நில்லுன்னு சொன்னேன். அந்தக் கம்பைப் புடி, இந்த நூலைத் திருப்புன்னு நான்தான் சொன்னேன்.”

அடுப்பு இருந்த இடத்தில் அப்படியே குந்தி உட்கார்ந்து அவர் தலையில் அடித்துக்கொண்டார். கூலியாட்கள் அண்டாவைத் தூக்கிய கையோடு நின்றார்கள். ஐம்பத்தாறு வயது ஆண் அப்படி அழுது கைலாசம் பார்த்ததில்லை. மாமனார் பக்கத்திலேயே நின்றார். சொல்ல வேண்டியதை வாயில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் நடந்துபோய்த் தென்னேரிக்குப் பஸ் ஏறினார்.

அவருக்கு அப்போதும் ஒரு நப்பாசை இருந்தது. முனுசாமி பீடி குடிப்பவர். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு. அவர் பீடியால்தான் போனார் என்று எல்லம்மாள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். போனில் கேட்ட அந்தப் பேச்சு பொய்யாகிவிடும்.

எல்லம்மாள் ஏரிக்கரைத் தெருவில் மகன் வீட்டில் இருந்தாள். வாசலில் புளி உலர்த்திக்கொண்டிருந்தவள் எழுந்து நாற்காலி போட்டாள்.

“வாண்ணா. எம்மா நாளாச்சு.”

“முனுசாமி ஆஸ்பத்திரி காயிதம் எதுனா வச்சிருக்கியாம்மா?”

அவள் ஏன் என்று கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த தாள். ‘மீசோதிலியோமா’ என்ற சொல்லின் கீழ் யாரோ பேனாவால் கோடிட்டிருந்தார்கள். நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோயின் பெயர் அது. அடுத்த வரியில் ‘கப்பல் பாய்லர் அறையில் ஆஸ்பெஸ்டாஸ் தூசி’ என்று தெளிவாக எழுதியிருந்தது. பீடி என்று எங்கேயும் இல்லை.

“துர்காவுக்கு உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன். நீரு கோத்துக்கினு இருக்குதாமே?”

“ஆமா.”

எல்லம்மாள் கையிலிருந்த புளியைக் கீழே போட்டாள்.

“பெரியநாயகி செத்தப்பவே எனக்கு மனசுல பட்டுதுண்ணா. எங்க வூட்டுக்காரருக்கு எப்புடி வந்துச்சோ அதே மாதிரி அவளுக்கும் நீரு. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாதான் அந்தத் துணிய ஒதறுவோம். நீயா வந்து கேப்பேன்னு பாத்துக்கினு இருந்தேன். நீ வரல. நானா வந்து எப்புடிச் சொல்றது?”

“நீ நல்லாத்தான இருக்க?”

“இதுவரைக்கும் இருக்கேன்,” என்றாள். “தெனம் காலைல எழுந்ததும் மூச்ச இழுத்துப் பாத்துக்குவேன்.”

அந்தத் தாளை வாங்கிக்கொண்டு கைலாசம் வீட்டுக்கு வந்தபோது மதியம் மூன்று மணி. துர்கா கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும். வெங்கடேசன் அவள் காலை அமுக்கிக்கொண்டிருந்தார். கைலாசம் நின்றபடியே சொன்னார். பம்பாய், ரிப்பேர், லாகிங், ஓவரால், உதறியது, அவள் காலைக் கட்டிக்கொண்டது, அம்மாவின் நீர், முனுசாமியின் தாள். டாக்டர் கேட்டபோது தமக்குத் தெரிந்தும் சொல்லாதது. ஒன்றையும் விடவில்லை.

வெங்கடேசன் காலை அமுக்குவதை நிறுத்திவிட்டார்.

துர்கா அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். இருபது வருஷம் முகவரி படித்த கண். நிதானமாக இரண்டு முறை படித்தாள்.

“அம்மாவுக்கு இது தெரியுமா?”

“தெரியாதும்மா. எனக்கே அப்பத் தெரியாது.”

“தூசி உனக்குத் தெரியாது. கப்பல்ல யாருக்கும் தெரியாது. அத உட்டுடு. சென்னை போனது மார்ச் ஏழாந்தேதி. இன்னைக்கு ஏப்ரல் பன்னெண்டு. அந்த அஞ்சு வாரம் உனக்குத் தெரியும்.”

“ஆமா.”

“இந்த அஞ்சு வாரமா நான் அந்த மாத்திரையப் போட்டு வாந்தி எடுத்துக்கினு இருந்தேன். நீ அந்தப் பக்கம் உக்காந்து பாத்துக்கினு இருந்த. இவரு பட்டறையப் பிரிச்சுட்டு வந்து நிக்கிறாரு. அதையும் பாத்த.”



“போ. வெளிய போய் இரு,” என்றாள் துர்கா.

மறுநாளே ஸுபத்ரா டாக்டரிடம் போனார்கள். கைலாசமே எல்லாவற்றையும் சொல்லி, முனுசாமியின் தாளைக் கொடுத்தார். மாத்திரையை உடனே நிறுத்தினார்கள். விலா வழியாகக் குழாய் விட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு நாளில் முனுசாமியின் தாளில் இருந்த அதே சொல் வந்தது.

“அன்னைக்கே நான் சொல்லியிருந்தா மேடம்?” என்று கைலாசம் கேட்டார்.

 “வியாதி இதேதாங்க. அதை மாத்த முடியாது. ஆனா டி.பி. மாத்திரையால கல்லீரல் இவ்வளவு கெட்டிருக்காது. ஸ்ட்ராங்கான மருந்து குடுக்க முடிஞ்சிருக்கும். இப்ப பாதி டோஸ்தான் தாங்குவாங்க,” என்றார் டாக்டர். ஆறுதலுக்காக அவர் எதையும் மறைக்கவில்லை. அதற்காகக் கைலாசம் அவரை இன்றுவரை மரியாதையோடுதான் சொல்கிறார்.

சித்திரை, வைகாசி முழுதும் துர்கா தகப்பனிடம் பேசவில்லை. சோற்றுத் தட்டை அவர் கொண்டுவந்து வைத்தால் வெங்கடேசன் கொடுக்கட்டும் என்று திரும்பிக்கொள்வாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சென்னை. மருந்து ஏற்றி வந்தால் நாலு நாள் வாயில் தண்ணீர்கூட வைக்கமுடியாது. முடி கொட்டியது. வெங்கடேசன் மாமனாரோடு பேசுவதை நிறுத்தவில்லை. ஆனால் மாமா என்று கூப்பிடுவது நின்றுபோனது. “வண்டி வந்துடுச்சு”, “மோட்டார் போடணும்” என்று முகம் பார்க்காமல் சொல்வார். கைலாசம் நீள நோட்டை எடுத்துக் கிழிக்கப் பார்த்திருக்கிறார். சத்யப்ரியாதான் கையைப் பிடித்துத் தடுத்தாள். “அதைக் கிழிச்சா மட்டும் என்ன தாத்தா ஆகப்போவுது? டாக்டருக்கு வேணுங்கற டேட்ஸ் எல்லாம் அதுலதான் இருக்கு,” என்றாள்.

ஆனி மாதம் ஒரு காலையில் துர்கா அவரை உள்ளே கூப்பிட்டாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

“உன் கப்பல்ல பாய்லர் ரூம்ல எத்தினி பேரு?”

“ஒரு தடவைக்கு நாப்பது பேரு இருப்பாங்க. ரிப்பேர் அப்ப அவ்ளோதான்.”

“எல்லாருக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருந்தாங்களா?”

“முக்காவாசிப் பேருக்கு.”

“அட்ரஸ் இருக்குதா?”

இருந்தது. 1999இல் விசாகப்பட்டினத்தில் ரேவாவின் பழைய ஆட்கள் கூடியபோது ஒரு முகவரிப் புத்தகம் அச்சடித்திருந்தார்கள். கைலாசம் தேடி எடுத்துக்கொடுத்தார். ஏற்கெனவே இறந்தவர்களின் பெயரையும் சேர்த்து, ரிப்பேர் காலத்தில் இருந்த முப்பத்தெட்டுப் பேரைத் துர்கா அடையாளம் போடச் சொன்னாள்.

“எழுது. நான் சொல்றேன்.”

கடிதம் அரைப் பக்கம்தான். அவள் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். கைலாசம் எழுதினார். 1974-75இல் ரேவா பம்பாயில் ரிப்பேரில் இருந்தபோது நீங்களோ உங்கள் தந்தையோ பாய்லர் அறையில் வேலை செய்தீர்கள். அந்த வெள்ளைத் தூசி துணியோடு வீட்டுக்கு வந்தது. என் மனைவி அதனால் இறந்தாள். அப்போது குழந்தையாக இருந்த என் மகளுக்கு இப்போது வியாதி வந்திருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது விலாவில் வலியோ மூச்சுத் திணறலோ இருந்தால், டாக்டரிடம் இந்தத் தூசியைப் பற்றி முதலிலேயே சொல்லுங்கள். மறைக்காதீர்கள்.

‘மறைக்காதீர்கள்’ என்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது. துர்கா காத்திருந்தாள். பிறகு, “எழுதுப்பா,” என்றாள். மறுபடியும் அப்பா என்று சொன்னது அப்போதுதான்.

சத்யப்ரியா அதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாற்றிக் கொடுத்தாள். முப்பத்தெட்டையும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும் என்றாள் துர்கா. “சாதாத் தபால்னா கெடைச்சுதா இல்லியான்னு தெரியாது,” என்றாள். கைலாசம் துணிப்பையில் எடுத்துவந்து என் கவுன்டரில் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் நான் சீட்டு ஒட்டும்வரை ஒரு மணி நேரம் நின்றுகொண்டே இருந்தார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

அந்த அட்டைகள் ஒவ்வொன்றாக வந்தன. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட அட்டைகளைத் துர்கா ஒரு பக்கம் அடுக்கினாள். அப்படி யாரும் இல்லை, வீடு மாறிவிட்டார்கள், இறந்துவிட்டார் என்று எழுதித் திரும்பி வந்த கடிதங்கள் இன்னொரு பக்கம். பதினேழு திரும்பிவிட்டன. அவள் அதை விடவில்லை. அந்தந்த ஊர்த் தபால் நிலையத்துக்குப் போன் போட்டு, தானும் தபால்காரி என்று சொல்லி, குடும்பம் எங்கே போனது என்று விசாரிப்பாள். இரண்டு வாக்கியம் பேசினால் ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படி ஆறு முகவரிகளைக் கண்டுபிடித்தாள். ஆவணியில் எல்லம்மாளை மகனோடு சென்னைக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்க வைத்ததும் அவள்தான். எல்லம்மாளுக்கு ஒன்றும் இல்லை. அதைக் கேட்டபோது துர்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள் என்று வெங்கடேசன் சொன்னார். சந்தோஷமா வேறு ஏதாவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அக்டோபரில் மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். வலிக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். கடைசி மாதத்தில் அவளால் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கைலாசம் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொள்வார். அவர் முதுகில் சாய்ந்தால் மட்டும் கொஞ்சம் மூச்சு வந்தது. மணிக்கணக்காக அப்படி இருப்பார்கள். எழுபத்தேழு வயதில் அவருடைய மூச்சு மட்டும் ஓர் இரைச்சலும் இல்லாமல் போய்வந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள் என்று நினைக்க நினைக்கத் தாங்கமுடியவில்லை என்றார்.

“என்னிய மன்னிச்சிட்டியாம்மா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டார்.

“அதெல்லாம் கேக்காதப்பா,” என்றாள். “நேரா உக்காரு. சாயுது பாரு.”

மார்கழி பிறந்து நாலாம் நாள் காலை பத்து மணிக்கு இறந்தாள். மாகறலிலிருந்து இரண்டு வண்டி நிறைய ஆட்கள் வந்தார்கள். ஓய்வூதியப் பணத்தை அவள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவந்த கிழவர்களும் கிழவிகளும் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். வெங்கடேசன் காரியமெல்லாம் செய்து முடித்தார். பதினாறாம் நாள் மாமனாரிடம், “நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. நான் எங்கயும் போகல,” என்றார். அதற்கு மேல் இருவருக்கும் பேச எதுவும் இல்லை. ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். வெங்கடேசன் இப்போது ஒரு பட்டுச் சொசைட்டியில் நூல் எடை போடுகிறார். பட்டறையை மறுபடி தொடங்கவில்லை.

அவள் இறந்த பிறகும் பதில்கள் வந்தன. மொத்தம் ஒன்பது. நாலு பேர் வீட்டில் ஏற்கெனவே சாவு விழுந்திருந்தது. அந்த நாலு சாவுக்கும் டி.பி. என்றோ புகை பிடித்ததால் என்றோ காரணம் எழுதியிருந்தார்கள். ஒருவர் கைலாசத்தைத் திட்டி எழுதியிருந்தார். செத்துப்போன அப்பாவின் பெயரைக் கெடுக்காதே என்று. அந்தக் கடிதத்தையும் என்னிடம் காட்டினார்.

சென்ற தை மாதம் ரத்னகிரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நானும் அப்போது அவர் வீட்டில் இருந்தேன். ரேவாவில் வேலை பார்த்த ஒருவரின் மகள். ஐம்பது வயது இருக்கும். துர்கா கண்டுபிடித்த ஆறு முகவரிகளில் ஒன்று. தீபாவளியிலிருந்து விலாவில் வலி, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். கடற்படையில் கற்ற இந்தியில் கைலாசம் ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்த ஸ்கேன், டாக்டரிடம் என்ன சொல்லவேண்டும், அந்த வியாதியின் பெயர் என்ன. பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். பிறகு, உங்கள் மகள் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள்.

“இறந்துட்டா,” என்றார் கைலாசம். “கண்டுபிடிச்சு எட்டு மாசம் இருந்தா.”

 அந்தப் பக்கம் அவள் பெரிதாக மூச்சு விடுவது எனக்கே கேட்டது. கைலாசம் ஹலோ ஹலோ என்றார். “நீங்க இன்னைக்கே போகணும், நாளைக்குன்னு வைக்காதீங்க,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சரி என்றாளா, போனை வைத்துவிட்டாளா என்று தெரியவில்லை.

அவள் போனாளா என்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் நாலைந்து முறை அந்த எண்ணுக்குப் போட்டுப் பார்த்தார். மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. போன வாரம் அதே முகவரிக்கு இன்னொரு பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறார். அட்டை இன்னும் திரும்பவில்லை.